யாருடைய உடல் சிலையாக நிற்கும்? ஜமைக்காவின் இன்றைய கலையும் அடையாளக் கேள்வியும்

2024-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான அமெரிக்காவின் மெக்கார்தர் நல்கைப் பட்டியலில், ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் பிறந்த கலைஞர் எபனி பேட்டர்சனின் பெயர் இடம்பெற்றிருந்தது. அவருடைய படைப்புகளின் ஒளிப்படங்களை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் குழம்புவது இயல்பே. கண்ணில் படுபவை ஜிகினாவும் மணிகளும் குஞ்சங்களும் துணிப்பூக்களும். திருவிழாவுக்குச் சோடித்த தேரைப்போல அவை மின்னுகின்றன. ஆனால் அவற்றைப் பற்றி எழுதப்படுபவற்றில் துப்பாக்கிச் சூடு, சவ ஊர்வலம், தோலை வெளுக்கச் செய்யும் களிம்பு ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. இந்தப் பளபளப்புக்கும் சாவுக்கும் உள்ள உறவு விளங்க வேண்டுமானால், விடுதலைக்குப் பிந்தைய ஜமைக்காவில் அறுபது ஆண்டுகளாக ஓயாத ஒரு சச்சரவைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டின் சார்பாக ஓர் உடலைச் செதுக்கிப் பொதுவிடத்தில் நிறுத்தினால், அது யாருடைய உடலாக இருக்க வேண்டும் என்பதே அந்தச் சச்சரவு.

அடிப்படைகள்

1. ஸ்பெயினிடமிருந்து ஆங்கிலேயர் 1655-இல் கைப்பற்றிய தீவு ஜமைக்கா. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் அங்கே கரும்புத் தோட்டங்கள் நடந்தன. 1834-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. முழு விடுதலை 1838-இல்தான் கிடைத்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்ததால் 1845 முதல் இந்தியர்களும் 1854 முதல் சீனர்களும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். நாடு விடுதலை பெற்றது 1962 ஆகஸ்ட் 6 அன்று.

2. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தம்மைக் கறுப்பினத்தவர் என்று பதிந்தோர் 92.1 விழுக்காடு, கலப்பினத்தவர் என்று பதிந்தோர் 6.1 விழுக்காடு. இந்தியர், சீனர், வெள்ளையர் அனைவரும் மிகச் சிறு தொகையினர்.

3. நிறப்படிநிலை என்பது, ஒரே இனத்தவர் என்று கருதப்படுவோருக்குள்ளேயே தோல் வெளுப்புக்கு ஏற்ப மதிப்பு ஏறி இறங்குவதைக் குறிக்கும். ஜமைக்காவில் 'பிரவுன்' என்ற சொல் ஒரு நிறத்தை மட்டும் சொல்வதில்லை. படிப்பு, சொத்து, நகரின் மேட்டுப் பகுதியில் வீடு ஆகியவையும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகின்றன. தோட்டக் காலத்தில், வெள்ளை முதலாளிக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைகள் பெற்ற சிறு சலுகைகளிலிருந்து இது தொடங்கியது.

4. 'அடையாளம்' என்று இக்கட்டுரை குறிப்பிடுவது தனிமனிதர் தம்மைப் பற்றி எண்ணுவதை அன்று. 'நாம்' என்று சொல்லும்போது யாருடைய முகம் நினைவுக்கு வருகிறது, அந்த முகத்தைத் தேர்ந்தவர் யார் என்பதையே அது குறிக்கிறது.

இந்த நான்காவது குறிப்புக்கு நாட்டின் சின்னமே சான்று. ஜமைக்காவின் அரசுச் சின்னம் 1661-இல் ஆங்கில முடியாட்சி வழங்கியது. கேடயத்தின் இருபுறமும் நிற்பவர்கள் தாயினோ இனத்து ஆணும் பெண்ணும். தாயினோ மக்கள் தீவின் பழங்குடிகள். ஸ்பானியர் வந்தபின் நோயாலும் கட்டாய உழைப்பாலும் ஏறத்தாழ அழிந்துபோனவர்கள். 1962-இல் விடுதலையின்போது சின்னத்தின் பழைய லத்தீன் வாசகம் நீக்கப்பட்டு, 'பலரிலிருந்து ஒரே மக்கள்' என்று பொருள்படும் ஆங்கில வாசகம் சேர்க்கப்பட்டது. படம் மாறவில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கறுப்பினத்தவராக உள்ள நாட்டின் சின்னத்தில் ஒரு கறுப்பின மனிதர்கூட இல்லை. 'பலர்' என்று சொல்லிப் பெரும்பான்மையினரைப் பலருள் ஒருவராக ஆக்கிவிடுகிறது என்பதே அந்த வாசகத்தின் மீதான குற்றச்சாட்டு. சின்னத்தைப் பார்த்தபின் அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. ஜமைக்காவின் தேசிய உடை என்று பள்ளி விழாக்களில் பெண்கள் அணிவது சிவப்புக் கட்டம்போட்ட பருத்தித் துணியாலான பாவாடையும் தலைக்கட்டும். 'பந்தானா' என்று அங்கே அழைக்கப்படும் அந்தத் துணி, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சென்னைப் பகுதியில் நெய்யப்பட்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் கப்பலேறிய 'மதராஸ்' துணியின் வழிவந்தது. சந்தைக்குக் காய்கறி சுமந்த பெண்கள் தலையில் கட்டிய துணி அது. மிஸ் லூ என்று நாடே அழைத்த கவிஞர் லூயிஸ் பென்னட் அதை மேடையில் அணிந்து பெருமைக்குரியதாக்கினார். தேசத்துக்கே உரியது என்று கருதப்படும் பொருளின் நூல் எங்கெங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டை நாம் தேட வேண்டியதில்லை.

1922 என்ற தொடக்கம்

ஜமைக்காவின் நவீன கலை வரலாறு நெடுங்காலம் 1922-இலிருந்து எழுதப்பட்டது. ஜமைக்கத் தாய்க்கும் ஆங்கிலேயத் தந்தைக்கும் இங்கிலாந்தில் பிறந்த சிற்பி எட்னா மான்லி, தம் கணவர் நார்மன் மான்லியோடு தீவுக்கு வந்த ஆண்டு அது. நார்மன் பின்னாளில் விடுதலை இயக்கத்தின் பெருந்தலைவர்களுள் ஒருவரானார். எட்னா 1935-இல் மரத்தில் செதுக்கிய 'விழித்தெழுந்த நீக்ரோ' என்ற சிற்பம், மேல்நோக்கித் திரும்பிய தலையும் இறுகிய தோள்களும் கொண்ட கறுப்பின உடல். 1938-இல் தீவு முழுவதும் வெடித்த தொழிலாளர் கிளர்ச்சிக்கு மூன்றாண்டு முன்பே அது வந்துவிட்டது. பொதுமக்களிடம் பணம் திரட்டி அதை வாங்கிப் பொதுச்சொத்தாக்கினார்கள். கறுப்பின உடலை வேலையாளாகவோ வேடிக்கைப் பொருளாகவோ காட்டிவந்த படங்களுக்கு நடுவே இது பெரிய மாற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் வெள்ளைத் தோற்றம் கொண்ட, இங்கிலாந்தில் பிறந்த ஒருவரின் வருகையிலிருந்து கறுப்பினப் பெரும்பான்மை நாட்டின் கலை தொடங்குகிறது என்று எழுதுவது எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி விரைவில் எழுந்தது. 1974-இல் நிறுவப்பட்ட தேசியக் கலைக்கூடம் அதற்கு ஒரு மறுமொழி தேடியது. கலைக்கூடத்தை வழிநடத்திய டேவிட் பாக்ஸர் 1979-இல் நடத்திய கண்காட்சியில், கலைப்பள்ளி செல்லாமல் தாமே கற்றவர்களை 'உள்ளுணர்வுக் கலைஞர்கள்' என்று ஒரு குழுவாக முன்னிறுத்தினார். கிங்ஸ்டனில் முடிதிருத்தும் கடை நடத்திய ஜான் டங்க்லி, ஆப்பிரிக்க வழிபாடும் கிறித்தவமும் கலந்த ரிவைவல் சமயத்தின் தலைவராக இருந்த கபோ ஆகியோர் அப்படித்தான் பெரிய சுவர்களுக்கு வந்தார்கள். இதனால் நன்மை நிகழ்ந்தது. ஆனால் அந்தப் பெயரே அவர்களை வேறு அறையில் வைத்தது. படித்தவர் சிந்திக்கிறார், படிக்காதவர் உள்ளுணர்கிறார் என்ற பிரிவினை வர்க்கத்தையும் நிறத்தையும் மறைமுகமாகத் திரும்பக் கொண்டுவந்தது என்றே நான் கருதுகிறேன்.

நான்கு சிலைகளும் நான்கு சண்டைகளும்

கலைக்கூடத்துக்குள் நடந்த விவாதம் அதிகம் பேரைத் தொடவில்லை. தெருவில் நின்ற சிலைகள் தொட்டன.

1. பால் போகல், 1965. 1865 அக்டோபரில் மோரன்ட் பே ஊரில் வறுமையையும் அநீதியையும் எதிர்த்து எழுந்த கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் போகல். ஆளுநர் அயரின் ஆட்சி 400-க்கும் மேற்பட்டோரைக் கொன்று அதை அடக்கியது, போகலும் தூக்கிலிடப்பட்டார். நூற்றாண்டு நினைவாக அவ்வூர் நீதிமன்றத்தின் முன் எட்னா மான்லி செய்த சிலை நிறுவப்பட்டது. வாளைக் கீழ்நோக்கிப் பிடித்து, முழங்கைகள் இருபுறமும் விரிய நிற்கும் அவ்வுருவம் சிலுவையை நினைவூட்டும். அது போகலின் சாயலில் இல்லை என்ற முறையீடு பல்லாண்டு தொடர்ந்தது. பின்னர் பழுதுபார்க்க அகற்றப்பட்டபோது, அதை மீண்டும் கொண்டுவரக் கூடாது என்று ஊர்மக்கள் சிலர் போராடினர்.

2. பாப் மார்லி, 1983. பாடகர் மார்லி இறந்து இரண்டாண்டுக்குப் பின், கிறிஸ்டோபர் கொன்சாலஸ் அரசுக்காகச் செய்த வெண்கலச் சிலை கிங்ஸ்டனில் திறக்கப்பட்டது. இடுப்புக்குக் கீழே கால்கள் இல்லை. மரத்தின் அடிப்பகுதி வேரோடு எழுந்து மனித உடலாக மாறுவதுபோல் அது இருந்தது. திரண்டிருந்த கூட்டம் கொதித்தது. சிலையை நோக்கிப் பொருள்கள் எறியப்பட்டன. அது அகற்றப்பட்டது. 1985-இல் ஆல்வின் மேரியட் செய்த, கிதாரோடு நிற்கும் நேரடிச் சாயல் சிலை வைக்கப்பட்டது.

3. விடுதலைப் பூங்கா, 2003. அடிமைமுறை ஒழிந்ததன் நினைவாகக் கிங்ஸ்டனில் அமைந்த இப்பூங்காவுக்கு லாரா ஃபேஸி செய்த இரண்டு வெண்கல உருவங்கள், ஆணும் பெண்ணும், ஏறத்தாழ 3 மீட்டர் உயரம். ஆடையின்றி, தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து, வானத்தை நோக்கி முகம் உயர்த்தி நிற்கின்றன. வாரக்கணக்கில் நாளிதழ்களும் வானொலியும் இதையே பேசின.

4. மார்கஸ் கார்வி, 2017. மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் மோனா வளாகத்தில் வைக்கப்பட்ட மார்பளவுச் சிலை, கறுப்பின உரிமை இயக்கத் தலைவரும் தேசிய வீரருமான கார்வியின் இளமைத் தோற்றத்தைக் காட்ட முயன்றது. அவரைப்போல் இல்லை என்ற எதிர்ப்பால் அதே ஆண்டில் வேறு சிலை வைக்கப்பட்டது.

இவற்றுள் விடுதலைப் பூங்காச் சிலைதான் எல்லா நரம்புகளையும் ஒருசேரத் தொட்டது. நிர்வாணம் ஆபாசம் என்றனர் தேவாலயத்தைச் சார்ந்த சிலர். வேறு சிலரின் மனக்குறை ஆழமானது: அடிமைச் சந்தையில் ஆடையின்றி நிறுத்திப் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு விடுதலை நினைவாகவும் ஆடையில்லாத உடலையா தருவது? அந்த உருவங்கள் எதிர்த்து நிற்கவில்லை, சங்கிலியை முறிக்கவில்லை, வானத்தைப் பார்த்துக் காத்திருக்கின்றன. விடுதலை யாரோ மேலிருந்து தந்தது என்றல்லவா இது சொல்கிறது? சிற்பி வெளுத்த தோல் கொண்டவர், வசதியான குடும்பத்தவர் என்பதும் கணக்கில் வந்தது. எதிர்த்தரப்பினரோ, சிலையின் விளிம்பில் பொறிக்கப்பட்ட கார்வியின் கருத்தை, அதாவது நம் மனத்தை நாமேதான் விடுவித்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சுட்டி, நிர்வாணத்துக்கு வெட்கப்படுவதே அடிமைக்காலம் விட்டுச்சென்ற தழும்பு என்றார்கள்.

இந்தச் சண்டைகளைக் கலை அறியாதவர்களின் கூச்சல் என்று ஒதுக்குவது தவறு. நூற்றாண்டுகளாக அம்மக்களின் உருவத்தை வரையும் உரிமை பிறரிடம் இருந்தது. ஏழு தேசிய வீரர்களுள் ஒரே பெண்ணான நானி, மலைக்காடுகளுக்குத் தப்பியோடி ஆங்கிலேயரை எதிர்த்த மரூன் மக்களின் தலைவி. அவருடைய படம் 500 டாலர் தாளில் இருக்கிறது. ஆனால் அவர் வாழ்ந்த காலத்து உருவப்படம் ஒன்றுகூட இல்லை. தாளில் உள்ளது முழுக் கற்பனை. முகமே கிடைக்காமல் போன வரலாற்றைக் கொண்டவர்கள், கிடைத்த ஒரு முகமாவது சரியாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் உண்டு. ரெனே காக்ஸ் என்ற ஒளிப்படக் கலைஞர் 2004-இல் தாமே நானியாக வேடமிட்டு நின்று எடுத்த படத்தொடர், இந்த வெற்றிடத்தை மறைக்காமல் அதற்குள் ஓர் உயிருள்ள பெண்ணை நிறுத்தியது.

தகரச் சுருள்

வீரரின் உடலை விட்டு விலகிய முதல் பெரிய முயற்சிகளுள் ஒன்று டான் ஸ்காட் 1985-இல் தேசியக் கலைக்கூடத்துக்குள் அமைத்த 'ஒரு பண்பாட்டுப் பொருள்'. நிறுவல் கலை என்பது ஓர் இடத்தையே படைப்பாக மாற்றி, பார்ப்பவரை அதற்குள் நடக்கவைக்கும் முறை. ஸ்காட் பயன்படுத்தியது நெளிதகரம். கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வேலியாகவும் கூரையாகவும் நிற்கும் அதே தகரத்தைச் சுருள் வடிவில் நிறுத்தினார். அதில் தெருச்சுவர் எழுத்துகளும் விளம்பரங்களும் இருந்தன. உள்ளே செல்லச்செல்ல வழி குறுகும். சுருளின் நடுவில் வீடற்ற ஒரு மனிதனின் உருவம் கிடக்கும். வந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். தேசத்தின் சார்பாக யாரை நிறுத்துவது என்று வெளியே சண்டை நடந்துகொண்டிருந்தபோது, யாரைப் படுக்கவிட்டிருக்கிறோம் என்று அவர் காட்டினார்.

பளபளப்பு எதை மறைக்கிறது, எதைக் காட்டுகிறது

எபனி பேட்டர்சன் 1981-இல் பிறந்தவர். கிங்ஸ்டனில் எட்னா மான்லி கல்லூரியில் படித்தவர். அவருடைய தொடக்கக்காலத் தொடர் ஒன்று நகரின் ஏழைப் பகுதிகளில் முகத்தை வெளுக்கும் இளைஞர்களைப் பற்றியது. டான்ஸ்ஹால் என்பது ஒலிபெருக்கி அடுக்குகளைச் சுற்றி இரவுக் கூட்டங்களில் வளர்ந்த இசையும் ஆட்டமும் உடையும் சேர்ந்த பண்பாடு. அங்கே கடினமான ஆண் என்று பெயரெடுத்தவர்களே வெளுப்புக் களிம்பு பூசி, புருவம் திருத்தி, பளபளக்கும் உடை அணிந்தார்கள். பேட்டர்சன் அவர்களைச் சாக்கட்டியின் வெண்மையும் சிவந்த உதடுகளும் பூப்போட்ட பின்னணியும் கொண்ட உருவங்களாக வரைந்தார். அவர் கண்டிக்கவில்லை. யாருடைய கண்ணுக்கும் படாத ஒருவன், கண்ணைக் கூசச் செய்தாவது படவேண்டும் என்று எடுக்கும் முடிவாக அதை அணுகினார். பளபளக்கும் ஆடம்பரத்தைக் குறிக்கும் 'பிளிங்' என்ற சொல்லுக்கு இங்கே அதுவே பொருள்.

2010 மே மாதத்தில், அமெரிக்கா கைதுசெய்து அனுப்பக் கோரிய போதைப்பொருள் கும்பல் தலைவர் கிறிஸ்டோபர் கோக் என்பவரைத் தேடிப் பாதுகாப்புப் படையினர் மேற்குக் கிங்ஸ்டனின் டிவோலி கார்டன்ஸ் குடியிருப்புக்குள் நுழைந்தார்கள். ஏறத்தாழ 70 குடிமக்கள் கொல்லப்பட்டார்கள். 72 ஆண்களும் ஒரு பெண்ணும் என்று அப்போது சொல்லப்பட்ட கணக்கையே பெயராக வைத்து, 2012-இல் பேட்டர்சன் ஒரு படைப்பை உருவாக்கினார். கைக்குட்டைகளில் அச்சிட்ட முகங்கள், சுற்றிலும் பூவும் மணியும். எண்ணாகவே நின்றுபோனவர்களுக்கு முகம் தரும் வேலை அது.

2014-இல் கிங்ஸ்டன் கார்னிவல் ஊர்வலத்தில் அவர் செய்தது இன்னும் கூர்மையானது. ஜமைக்காவில் கார்னிவல் பெரும்பாலும் வசதியுள்ள, வெளுத்த தோல் கொண்ட மேட்டுப் பகுதியினரின் கொண்டாட்டம் என்று பெயர்பெற்றது. ஏழைப் பகுதிகளின் பெருங்கொண்டாட்டமோ 'பிளிங்' சவ ஊர்வலம். வாழும்போது கிடைக்காத ஆடம்பரத்தைக் கடைசி நாளில் அள்ளிக்கொட்டுவது. பேட்டர்சன் பூத்துணியும் குஞ்சமும் சுற்றிய 50 சவப்பெட்டிகளைக் கம்புகளில் உயர்த்தி அந்தக் கார்னிவலின் நடுவே அனுப்பினார். இறகு அணிந்து ஆடியவர்களுக்கு இடையில் சவப்பெட்டிகளும் ஆடிக்கொண்டு போயின. ஒரே ஊரின் இரண்டு மினுமினுப்புகள் ஒரே தெருவில் உரசிக்கொண்டன.

அடுத்த ஆண்டு வந்த 'இறந்த மரங்கள்' கண்காட்சியின் திரைச்சீலைகளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதலில் ஆட்களை நிறுத்தி ஒளிப்படம் எடுக்கப்படுகிறது. அப்படம் ஜக்கார்டு தறியில் துணியாக நெய்யப்படுகிறது. அதன்மேல் மணி, ஜிகினா, சரிகை, பொம்மைகள் ஆகியவை கையால் தைத்தும் ஒட்டியும் சேர்க்கப்படுகின்றன. அது தரையில் விரிக்கப்படுகிறது. எட்டி நின்றால் பூந்தோட்டம். குனிந்து பார்த்தால் பூக்களுக்கிடையே ஓர் உடல் கிடக்கிறது. சமூக ஊடகங்களில் கைமாறிச் சுற்றிய கொலைக்களப் படங்களிலிருந்து பிறந்த காட்சிகள் அவை. அலைபேசியில் அப்படங்களை ஒரு நொடியில் தள்ளிவிட்டுப் போகிறவரை, அழகைக் காட்டி நிற்கவைத்துக் குனியவைக்கிறார். குனிந்தபின், தான் ஒரு சவத்தின் தலைமாட்டில் நிற்பது அவருக்குத் தெரிகிறது.

ஃபேஸியும் தம் சிலைகளுக்குத் திரும்பினார் என்பதை இங்கே சேர்க்க வேண்டும். 2006-இல் அவர் ஒரு மரத்தோணி நிறைய, விடுதலைப் பூங்கா உருவங்களின் சிறுபடிகள் 1,300-க்கும் மேற்பட்டவற்றை நெருக்கி அடுக்கி, தோணியைக் கரும்புகளின் மேல் மிதப்பதுபோல் வைத்தார். பூங்காவில் வானம் பார்த்து நிற்கும் அதே ஆணும் பெண்ணும் தோணியில் சரக்காகிவிடுகிறார்கள். பூங்காவில் நிற்பதைவிடத் தோணியில் உள்ளவை வலிமையான படைப்பு என்பது என் கணிப்பு.

ஒட்டாத வண்ணம், காலி நாற்காலி

காமில் செட்டா மலிவான பிளாஸ்டிக் பைகளின்மேல் தம் முகத்தையே வரைந்தார். பிளாஸ்டிக்கில் வண்ணம் நிலைத்து ஒட்டாது. நாளாக ஆகப் பிளந்து உரியும். தூக்கியெறியப்படும் பொருளில் உருவப்படம் தீட்டுவது, சிலை நிறுவுவதற்கு நேரெதிர்.

ஆப்பிரிக்க, சீன வழித்தோன்றலான ஆல்பர்ட் சாங், நாற்காலிகளை முன்னோருக்கான அரியணைகளாக அலங்கரித்து ஒளிப்படமாக்கினார். பழைய குடும்பப் படங்கள், கடவுச்சீட்டு, பூக்கள், சங்குகள் ஆகியவற்றை ஒன்றாகப் பரப்பிப் படையலைப்போல் அமைத்தார். 'பலரிலிருந்து ஒரே மக்கள்' என்ற அரசு வாசகம் அவருக்கு வீட்டுக்குள் தொகுக்க வேண்டிய வேலையாக இருந்தது. லீஷோ ஜான்சனின் ஓவியங்களில் கரிய உருவங்கள் இலைதழைகளுக்குள் பாதி கரைந்து நிற்கின்றன. ஆண்களுக்கிடையிலான பாலுறவை 1864-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ள நாட்டில், மறைந்திருப்பது பாதுகாப்பும் கூட.

தீவுக்கு வெளியே வாழும் ஜமைக்கா

1948 முதல் பிரிட்டனுக்கும், பின்னர் அமெரிக்கா, கனடாவுக்கும் பெருந்தொகையினர் குடிபெயர்ந்தனர். பர்மிங்காமில் ஜமைக்கப் பெற்றோருக்குப் பிறந்த ஹர்வின் ஆண்டர்சன், முடிதிருத்தும் கடைகளைத் திரும்பத் திரும்ப வரைகிறார். குடியேறிய முதல் தலைமுறையினர் வீட்டு அறைகளிலேயே நடத்திய கடைகள் அவை. செய்தியும் அரசியலும் ஊர்நினைவும் அங்கேதான் பரிமாறப்பட்டன. 2016-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றில் கடைச்சுவரில் மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ் முதலிய கறுப்பினத் தலைவர்களின் படங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. சில முகங்கள் தெளிவாக இருக்கின்றன, சில வெறும் வண்ணத் திட்டுகள். சாயல் பொருந்தவில்லை என்று கிங்ஸ்டனில் சிலைகள் அகற்றப்பட, இங்கே ஓவியரே சாயலைப் பாதியில் நிறுத்துகிறார். தொலைவிலிருந்து மரபைப் பெற்றவருக்கு அது அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஜமைக்காவில் பிறந்து நியூயார்க்கில் வாழும் நாரி வார்டு, அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் மூன்று சொற்களை 2011-இல் சுவரில் நூற்றுக்கணக்கான காலணி நாடாக்களால் எழுதினார். 'மக்களாகிய நாம்' என்பதில் யார் அடக்கம் என்ற கேள்வி அவரோடு கடல் கடந்திருக்கிறது.

இதனால் விளைந்தவை

முதல் விளைவு ஜமைக்காவுக்குள். 2022-இல் தேசியக் கலைக்கூடம் தன் பழைய ஈராண்டுக் கண்காட்சி மரபை மாற்றி, முதல் கிங்ஸ்டன் பினாலே என்ற ஈராண்டுக் கலைவிழாவை 'அழுத்தம்' என்ற தலைப்பில் நடத்தியது. தீவில் வாழ்பவர்களும் வெளியே வாழ்பவர்களும் ஒரே சுவரில் வந்தார்கள். உள்ளூர், புலம்பெயர்ந்தோர் என்ற பழைய பிரிவினை அங்கே பெரிதும் தளர்ந்தது. கிங்ஸ்டனின் கடற்கரையை ஒட்டிய பழைய நகர்ப்பகுதிச் சுவர்களிலும் இளைஞர்கள் தெருவோவியங்களைத் தீட்டிவருகிறார்கள். யாரும் அனுமதிச்சீட்டு வாங்காமல் பார்க்கும் கலை அது.

இரண்டாவது விளைவு கவலைக்குரியது. மேற்சொன்ன படைப்புகளில் பல, அவற்றை வாங்கவும் காக்கவும் பணம் கொண்ட வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கே போகின்றன. கிங்ஸ்டனில் இறந்தவர்களுக்காகத் தைக்கப்பட்ட பூத்திரைகளை அமெரிக்க நகரங்களில் பார்க்கும் வாய்ப்பே மிகுதி. இது புதிதாகத் தொடங்கியதும் இல்லை. 1792-இல் கார்பென்டர்ஸ் மலைக் குகையில் தாயினோ மக்களின் மூன்று மரச்சிற்பங்கள் கண்டெடுக்கப்பட்டன. பறவையும் மனிதனும் கலந்த உருவமும், மழைத் தெய்வம் என்று கருதப்படும் உருவமும் அவற்றுள் அடங்கும். அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. 2019-இல் பண்பாட்டுத் துறை அமைச்சர் ஒலிவியா கிரேஞ்ச் அவற்றைத் திரும்பப் பெற அரசு முயல்வதாக அறிவித்தார். ஜமைக்காவின் நாணயங்களில் அரசுச் சின்னத்தின் இருபுறமும் தாயினோ ஆணும் பெண்ணும் நிற்கிறார்கள். அவர்கள் செதுக்கிய அந்த மூன்று உருவங்கள் லண்டனில் இருக்கின்றன.